ரைட்டரம்மாவின் படகு

1974ஆம் வருஷம் நவம்பர் மாதம் பதினோராம் தேதி திங்கட்கிழமை காலை ஆறே முக்கால் மணிக்கு, ஏற்காட்டு மலையின் கிழக்குச் சரிவில் மூடுபனி கனம் தாங்கத் தொடங்கியது. அதை முதலில் கண்டவள் அத்தாயி. ஒண்டிக்கடையில் விற்பதற்காக அவள் சுமந்து வந்த கமலா ஆரஞ்சுக் கூடை, வழுக்குப் பாறையில் கால் இடறியதில் தலையிலிருந்து சரிந்து பள்ளத்துக்குள் உருண்டது. பள்ளம் விளிம்பு வரைக்கும் பனி நிறைந்து கிடந்தது. கூடை அதற்குள் போகவில்லை, மேலேயே நின்றது. பழங்கள் நாலா பக்கமும் சிதறி, குளத்தில் விழுந்தவை போல ஆடிக்கொண்டு மிதந்தன. அத்தாயி ஒரு நீளக் குச்சியை ஒடித்து எட்டிய மட்டும் இழுத்துச் சேர்த்தாள். எட்டாமல் போனது பதினேழு பழம். பத்தரை மணிக்கு வெயில் ஏறிப் பனி கலைந்தபோது அந்தப் பதினேழும் கீழே காப்பிச் செடிகளுக்கு நடுவில் அடிபடாமல் இறங்கிக் கிடந்தன, அங்கே களை வெட்டிக்கொண்டிருந்தவர்கள் எடுத்துத் தின்றார்கள். அன்றைக்குச் சேலத்திலிருந்து காலை பஸ் வராமல் போனதால் ஊரில் அதுதான் பெரிய பேச்சாக இருந்தது. பனியைப் பற்றி மறுநாள்தான் பேசினார்கள்.

மேல்தோப்பு எஸ்டேட்டின் ரைட்டர் ஞானசுந்தரத்துக்குக் கேள்விப்பட்டதை அளந்து பார்க்காமல் இருக்க முடியாது. ஆட்களின் பேரேடு, மழைக் கணக்கு, காப்பிப் பழத்தின் எடை எல்லாம் அவர் கையெழுத்தில்தான் இருந்தன. எந்தப் படிவத்திலும் ஒரு கட்டத்தைக்கூட அவர் காலியாக விட்டதில்லை. எண் கேட்டால் எண் சொல்லிவிடுவார், அது அவருடைய பழக்கம். அவர் ஆறடிப் பலகை ஒன்றைப் பனிமேல் மிதக்க விட்டு, பழம் நிறுக்கும் எடைக்கற்களை ஒவ்வொன்றாக ஏற்றினார். நவம்பரில் எண்பது கிலோ வரை தாங்கியது. டிசம்பரில் நூற்றுப் பத்து. பொங்கல் கழிந்தால் ஒரு கோழிகூட நிற்காது. காலை ஆறரையிலிருந்து பத்தரை வரைதான் தாங்கும், பிறகு மெதுவாக இறக்கிவிட்டுவிடும். இதை ஒரு தாளில் எழுதி எஸ்டேட் ஆபீஸ் சுவரில் ஒட்டிவைத்தார். சம்பளத்துக்கு வந்தவர்கள் படித்துவிட்டுத் தலையாட்டிக்கொண்டு போனார்கள்.

அவருடைய மனைவி சாந்தாமேரி தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரி. 1967இல் கல்யாணமாகி மலைக்கு வந்தவள். அவளுடைய அப்பாவும் சித்தப்பாக்களும் பாய் கட்டிக் கடலுக்குப் போனவர்கள். ஆனால் அந்த ஊரில் பெண்கள் படகில் ஏறக் கூடாது, அது வழக்கமில்லை. இருபத்து நாலு வருஷம் அவள் கரையில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். எந்தக் காற்றுக்கு எந்தக் கயிற்றை இழுக்க வேண்டும், பாயை எப்போது தளர்த்த வேண்டும், துறைக்குள் வரும்போது எங்கே பாயை இறக்க வேண்டும் என்று பார்த்தே தெரிந்துவைத்திருந்தாள். படகில் ஏறியதுதான் இல்லை. ரைட்டர் ஒட்டிய தாளைப் படித்த அன்று சாயங்காலம் அவள் கேட்ட கேள்வி ஒன்றுதான்.

"ஏனுங்க, இந்தப் பனியில பொம்பளைங்க ஏறக் கூடாதுன்னு யாராச்சும் சொல்லியிருக்காங்களா?"

"இந்தப் பனிக்கே வயசு ரெண்டு மாசம். அதுக்குள்ள யாரு சொல்லுவாங்க?" என்றார் அவர்.

அடுத்த நவம்பருக்குள் படகு தயாரானது. எஸ்டேட்டுக்குக் கதவும் பெட்டியும் செய்துகொடுத்த காளியப்பன், கடலையே பார்க்காதவர், அவள் வாயால் சொல்லச் சொல்லப் பதினாறடியில் ஒன்று செய்தார். சில்வர் ஓக் பலகை, எடை குறைவு. காப்பிக்கொட்டை காயப்போடும் பழைய படுதா பாயானது. நங்கூரம் போட அடியில் தரை இல்லாததால், பழம் பறிக்க மரக்கிளையை வளைக்கும் இரும்புக் கொக்கியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார்கள். பனிக்குள் மூழ்கி நிற்கும் ஏதாவது ஒரு மரத்தின் கொண்டையில் அது மாட்டிக்கொள்ளும், படகு நிற்கும். முதல் நாள் காளியப்பன், "தாயி, எனக்கு இதுல நம்பிக்கை இல்லீங்க, கதவுன்னா சொல்லுங்க, நூறு வருஷத்துக்கு நான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டுக் கரையிலேயே உட்கார்ந்துகொண்டார். சாந்தாமேரி பாயை விரித்தாள். காற்று அவளுக்குத் தெரிந்த காற்றாகவே இருந்தது.

மூன்று பனிக்காலம் அவர்கள் அப்படிப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும் ரைட்டர், சாந்தாமேரி, மகள் ஜெயமேரி மூன்று பேரும் வீட்டுக்குப் பின்னாலிருந்து புறப்படுவார்கள். மலைக்குன்றுகள் எல்லாம் தீவுகளாகத் தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். அவசரம் ஒன்றும் கிடையாது. ஒரு மணி நேரம் பாயோட்டினால் சேர்வராயன் கோயில் இருக்கும் மொட்டைக் குன்று வரும். அங்கே கொக்கியைப் போட்டுவிட்டு, கொண்டுபோன இட்டிலியைத் தின்பார்கள். மலைக்காட்டுக்காரர் சின்னனின் மனைவி முத்தாயி சாமைக் கஞ்சியோ தேனோ கொண்டுவந்து கரையில் வைத்துக்கொண்டு ஊர்ப்பேச்சு பேசுவாள். நாகலூர்ப் பக்கம் காற்றே இல்லாத ஒரு மடிப்பு உண்டு. அங்கே படகைக் கட்டினால் ஆடாது. அடியில் பனிக்குள்ளிருந்து பழம் பறிக்கிற பெண்களின் பேச்சு தெளிவாகக் கேட்கும். ஒரு நாள் கீழேயிருந்து மாதம்மாள் என்பவள், "ரைட்டரம்மா மேல சவாரி போறாங்களாமா. அவங்க வூட்டுக்காரரு நம்ம கூடையில அரைக் கிலோ கொறச்சு எழுதறாரு, அந்தக் கனம் கொறஞ்சதுலதான் படகு முங்காம இருக்குது" என்றாள். சாந்தாமேரி சத்தமில்லாமல் ஒரு ஆரஞ்சை எடுத்துக் குரல் வந்த இடத்தில் போட்டாள். கீழே ஒரு கூடை கவிழ்ந்தது. பிறகு, "மாதா, நான் ஒண்ணும் சொல்லலீங்க" என்று கேட்டது. படகில் மூன்று பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஜெயமேரிக்குத் தன் அம்மாவைப் பற்றி முதலில் நினைவிருப்பது அந்தச் சிரிப்புத்தான்.

1977 டிசம்பர் பதின்மூன்றாம் தேதி செவ்வாய்க்கிழமை சாந்தாமேரி தனியாகப் போனாள். ஆறு வயது ஜெயமேரிக்குக் கக்குவான் இருமல். பழப் பருவம் என்பதால் ரைட்டருக்கு எடைக்களத்தைவிட்டு நகர முடியாது. சேர்வராயன் மொட்டைக்குப் போய் முத்தாயியிடம் தேன் வாங்கிக்கொண்டு ஒன்பது மணிக்குள் வந்துவிடுவதாகச் சொன்னாள். தேனை வாங்கிக்கொண்டு எட்டு மணிக்குப் புறப்பட்டதை முத்தாயி பார்த்தாள். அதற்குப் பிறகு படகுக்கு அடியில் கிடந்த பனி மேலேயும் எழும்பி, படகையும் குன்றுகளையும் ஊரையும் ஒன்றாக மூடிவிட்டது. அந்தப் பனி பத்தரைக்குக் கலையவில்லை. அன்று சாயங்காலமும் கலையவில்லை. புதன்கிழமை முழுக்க ஊரில் எதிரே வருகிற ஆளின் முகம் தெரியாமல், ஒருவரை ஒருவர் பேர் கேட்டுக்கொண்டு நடந்தார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ்கள் ஊர்ந்தன.

வியாழக்கிழமை காலை ஞானசுந்தரம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்க் காணவில்லை என்று எழுதிக் கொடுத்தார். பெயர், கணவர் பெயர், உயரம், நிறம், உடுத்தியிருந்த சேலை, அடையாள மச்சம் எல்லாக் கட்டங்களையும் நிரப்பினார். வயது முப்பத்து நாலு என்று எண்ணாலும் எழுத்தாலும் எழுதினார். அங்கிருந்து நேராக மாதா கோயிலுக்கு நடந்தார். வழியில் அவருக்கு ஒரு யோசனை வந்திருந்தது. பனிக்குள் திசை தெரியாமல் இருப்பவளுக்கு மணிச் சத்தம் கேட்டால், அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே கரைக்கு வந்துவிடுவாள். நல்ல யோசனைதான். இன்றைக்கும் யாரும் அதைக் குறை சொல்வதில்லை.

கோயிலில் பூசைப் பாத்திரங்களைக் கவனித்து மணி அடிக்கிற கோயில்பிள்ளை லாசர். கணக்கில்லாமல் அவர் கயிற்றைத் தொட்டதில்லை. பூசைக்கு இத்தனை, மூவேளைச் செபத்துக்கு இத்தனை என்று எல்லாவற்றுக்கும் எண் உண்டு. ஞானசுந்தரம் மூச்சு வாங்கிக்கொண்டு, "மணியடிங்க லாசரண்ணே. வேகமா வேண்டாம், பனிக்குள்ள ஒண்ணோட ஒண்ணு கொழம்பிரும். நிறுத்தி நிறுத்தி அடிங்க, நொம்ப தூரம் போகோணும்" என்றார்.

"எத்தனைங்க?" என்று லாசர் கேட்டார்.

எண் கேட்டால் எண் சொல்லிவிடும் பழக்கம். வாயில் எந்த எண் இருந்ததோ அது வந்தது. "முப்பத்தி நாலு" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குப் பின்னால் கரையில் போய் நிற்பதற்காக ஓட்டமாக நடந்தார். லாசர் ஒரு நிமிஷம் அவர் போன திசையைப் பார்த்தார். அப்புறம் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு கயிற்றைப் பிடித்தார்.

அந்தக் கோயிலில் ஒருவர் செத்துப்போனால் அவருடைய வயது எத்தனையோ அத்தனை தரம், நிறுத்தி நிறுத்தி மணி அடிப்பார்கள். பிறந்ததிலிருந்து ஞானசுந்தரம் கேட்டு வளர்ந்த மணி அது. ஆனாலும் ஒண்டிக்கடைச் சந்திப்பைத் தாண்டும்போது ஜனங்கள் ஏன் அங்கங்கே நின்றுவிட்டார்கள் என்று அவருக்கு விளங்கவில்லை. ஒரு பஸ் நின்று என்ஜினை அணைத்தது. டீக்கடைக்காரர் மாரிசாமி கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் பனிக்குள்ளிருந்து வந்து அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். "எங்க கெடைச்சாங்க ரைட்டரே?" என்று கேட்டார். அப்போது அடித்தது இருபத்தாறு. ஞானசுந்தரம் அவரைப் பார்த்தார், கோயில் பக்கம் பார்த்தார், கையை உதறிக்கொண்டு திரும்பி ஓடினார். மேட்டில் ஒரு முறை விழுந்தார். வேண்டாம் வேண்டாம் என்று கத்திக்கொண்டே அவர் மணிக்கூண்டுக்குள் நுழைந்தபோது லாசர் கயிற்றை ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார்.

நடந்தது என்ன என்று தெரிந்ததும் லாசர் கீழே உட்கார்ந்துவிட்டார். பிறகு அவரே ஒரு வழி சொன்னார். "இன்னொண்ணு அடிச்சிரட்டுங்களா? முப்பத்தஞ்சு ஆயிருச்சுன்னா அது அவங்களுக்கு இல்லீங்களே." ஊரில் முப்பத்தைந்து வயதில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஞானசுந்தரம் பேரேட்டை மனதுக்குள் புரட்டினார். ஒன்பது பேர் இருந்தார்கள். அவர்களில் மாதம்மாளும் ஒருத்தி. தெரியாமல் ஒருத்தியைச் சாகடித்தாயிற்று, தெரிந்தே இன்னொருவரையா என்று யோசித்ததில் கால் மணி நேரம் போயிற்று. அதன் பிறகுதான் முப்பத்தைந்தாவதை அடித்தார்கள்.

மறுநாள் காலை பனி வழக்கம்போல் குன்றுகளுக்குக் கீழே இறங்கி நின்றது. ஏழு மணிக்குச் சாந்தாமேரியின் படகு வந்தது. வீட்டுக்குப் பின்னால் அறுபதடி தூரத்தில், பனிக்குமேல் கொண்டையை நீட்டிக்கொண்டிருந்த சில்வர் ஓக் மரத்தில், எப்போதும் கட்டுகிற இடத்தில் கட்டினாள். அங்கிருந்து கரைக்குக் கழி ஊன்றி வருவதுதான் பாக்கி. அதை மட்டும் செய்யவில்லை.

"வா சாந்தா" என்றார் அவர்.

"எப்படிங்க வர்றது? மணி அடிச்சாச்சுங்களே" என்றாள் அவள்.

அவர் எல்லாவற்றையும் சொன்னார். போலீஸ் ஸ்டேஷன் படிவத்தைச் சொன்னார், லாசர் கேட்டதைச் சொன்னார், தன் வாயைச் சொன்னார். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள், கோபப்படவில்லை. அவளுடைய ஊரில் கடலுக்குப் போனவரை மூன்று நாள் பார்ப்பார்கள். வராவிட்டால் மூன்றாம் நாள் மணி அடித்துவிடுவார்கள். அடித்த பிறகு வரக் கூடாது. அவளுடைய சின்னச் சித்தப்பா அப்படி மணி அடித்த ஐந்தாம் நாள் கரை ஏறினார். எட்டாம் நாள் அவருடைய மகன் காய்ச்சலில் போனான். ஒரு ஆளுக்கு மணி அடித்துவிட்டால் ஒரு ஆள் போக வேண்டும், கடல் அதை விடாது, இல்லாவிட்டால் பிள்ளையைப் பிடிக்கும் என்று அங்கே ஒவ்வொருவருக்கும் தெரியும். "மூணாம் நாளு, நிறுத்தி நிறுத்தி, முப்பத்தி நாலு. நான் எண்ணிட்டேதானுங்க இருந்தேன். அப்புறம் ஒண்ணு கேட்டுச்சு. அது வேற யாருக்கோன்னு நெனச்சு ஒரு அருள்நிறைந்த மரியே சொன்னேன்" என்றாள். உள்ளே ஜெயமேரி இருமுகிற சத்தம் கேட்டது. சாந்தாமேரி தேன் பாட்டிலைக் கையில் எடுத்தாள், பார்த்தாள், திரும்பவும் படகில் வைத்துவிட்டாள். செத்தவர் கையால் குழந்தைக்கு ஒன்றும் கொடுக்கக் கூடாது.

அதற்குப் பிறகு வருஷங்கள் போயின. நவம்பரிலிருந்து பொங்கல் வரை பனி கிடக்கிற காலைகளில் அவள் வருவாள். மரத்தில் படகைக் கட்டிவிட்டு மகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஜெயமேரி கரையில் உட்கார்ந்து தலை பின்னிக்கொள்வாள், அறுபதடிக்கு அப்பாலிருந்து அம்மா, "எடது பக்கம் தளர்வா இருக்குது பாரு கண்ணு" என்று சொல்லிக் கொடுப்பாள். வாய்ப்பாடு ஒப்பிப்பாள். பரீட்சை மார்க்கைச் சத்தம் போட்டுப் படிப்பாள். கரைக்கு வர வேண்டிய அவசரம் இல்லாதவள் என்பதால் சாந்தாமேரி தூரம் தூரமாகப் போனாள். தெற்கே கொல்லிமலை வரைக்கும், கிழக்கே கல்வராயன் வரைக்கும் பாயோட்டிப் போய்க் காற்றில்லாத மடிப்புகளில் கட்டிக் கிடந்தாள். கொல்லிமலையில் அன்னாசி வாசனை பனிக்குமேலே ஏறி வரும் என்றும், கல்வராயன் பக்கத்துப் பனி கொஞ்சம் கெட்டி, படகு திரும்பச் சிரமம் என்றும் மகளிடம் சொன்னாள். பனி இல்லாத மாதங்களில் எங்கே இருப்பாய் என்று ஞானசுந்தரம் கேட்டதற்கு, "அப்ப நான் இல்லீங்க" என்றாள். அவளுக்கு நரை விழவில்லை, முகம் மாறவில்லை. அவருக்கு 1983இல் கண்ணாடி வந்தது, 1986இல் முன்பல் இரண்டு போனது. அதே வருஷம் தாவணி கட்டிக்கொண்டு கரைக்கு வந்த மகளைப் பார்த்து, "என்ற சேலை ஒண்ணு பெட்டியில இருக்குது, அதக் கட்டிக்க சாமி" என்று சொன்னாள். சொன்னவள் முகத்தைப் பாய்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அவளை இறக்க எல்லா வழியும் பார்த்தாகிவிட்டது. அடித்த மணியை எடுக்கத் திருச்சபையில் சடங்கு இல்லை என்று பங்குச் சாமியார் வருத்தத்தோடு சொன்னார். லாசர் மணி நாக்கில் துணியைச் சுற்றி, முப்பத்து நாலு தரம் சத்தம் வராமல் அடித்துப் பார்த்தார், ஒருவேளை அது முந்தியதை அழிக்குமோ என்று. ஞானஸ்நான மணியை அடித்தால் புதிதாகப் பிறந்தவளாகிவிடுவாள் என்று மாரிசாமி யோசனை சொன்னார். சாந்தாமேரி சிரித்துவிட்டாள். "எனக்குப் பத்தாம் நாளே ஊத்தியாச்சுங்க. ரெண்டு தரம் ஊத்தினா செல்லாது" என்றாள். ஞானசுந்தரம் ஒரு முறை படகுக்கு நீந்தப் பார்த்தார். பனியில் நீச்சல் இல்லை. இடுப்பு வரை போனவரைக் காளியப்பன் கயிறு போட்டு இழுத்தார்.

1992 மே மாதம் ஜெயமேரிக்கும் பஸ் டிரைவர் பாக்கியநாதனுக்கும் கல்யாணம் நடந்தது. மே மாதத்தில் பனி இல்லை, அதனால் அம்மாவும் இல்லை. அப்பாவைத் தனியாக விட முடியாது என்று மாப்பிள்ளை இந்த வீட்டுக்கே வந்துவிட்டார். அந்த டிசம்பரில் ஒரு காலை ஜெயமேரி கரையிலிருந்து எழுந்து வந்து அப்பாவிடம் சொன்னாள். "எனக்கு ஏதாச்சும் ஆயிரும்னுதான அம்மா வரமாட்டீங்கறாங்க. தனக்குச் சாவு மணி அடிச்சும் ஒருத்தர் இந்த ஊட்டுலயே இருந்து, எனக்கு ஒண்ணும் ஆகலைன்னா?"

அவருக்குப் புரிந்தது. அந்த யோசனை அவருக்கும் பல வருஷமாக இருந்தது. சின்னப் பிள்ளையை வைத்துச் சோதித்துப் பார்க்க அவரால் முடியவில்லை.

"உம்பட உசுரு கண்ணு" என்றார்.

"என்றதுதானுங்க. நான்தான் சொல்றேன், அடிக்கச் சொல்லுங்க."

1992 டிசம்பர் இருபதாம் தேதி, ஞானசுந்தரம் கரையில் நின்றுகொண்டிருக்கும்போதே, லாசர் அவருக்காக ஐம்பத்தைந்து மணி அடித்தார். எண் தப்பிவிடாமல் இருக்க ஒவ்வொன்றையும் வாய்விட்டு எண்ணினார். படகில் சாந்தாமேரி காதைப் பொத்திக்கொண்டாள். ஊருக்குப் பயித்தியம் பிடித்துவிட்டது என்று அழுதாள். மணி ஓய்ந்ததும் அவர் அறுபதடி தூரத்துக்குக் கேட்கும்படி சொன்னார். "நானும் போயாச்சு சாந்தா. ஆனா இங்கதான் இருக்கப் போறேன், இவளோட ஒரே ஊட்டுல, ஒரு வருஷம். இவளுக்கு ஒண்ணும் ஆகலைன்னா அடுத்த மார்கழிக்கு நீ எறங்கோணும்." அவள் நெடுநேரம் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தாள். போகும்போது, "அவளைக் கொதிக்க வெச்ச தண்ணி குடிக்கச் சொல்லுங்க" என்றாள். அதை ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அந்த வருஷம் ஞானசுந்தரம் தூங்கினதாகச் சொல்ல முடியாது. மார்ச்சில் ஜெயமேரி முழுகாமல் இருப்பது தெரிந்தது. ஒரு உயிருக்கு இரண்டு உயிரானது. அவள் படி ஏறினால் பின்னால் போனார், தும்மினால் எழுந்தார். நவம்பர் ஆறாம் தேதி சேலத்து ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. மூன்று கிலோ நூறு கிராம். தாயும் பிள்ளையும் நலம். குழந்தைக்கு ஞானசுந்தரி என்று பேர் வைப்பதாகப் பேசிக்கொண்டார்கள். அவர் அன்றைக்குத்தான் ஒரு முழுச் சோறு தின்றார்.

ஆனால் அந்தக் கோடையில் பக்கத்து நிலத்துக்காரர் லாட்ஜ் கட்டுவதற்காகச் சரிவிலிருந்த சில்வர் ஓக் மரங்கள் அத்தனையையும் வெட்டி விற்றிருந்தார். படகு கட்டும் மரமும் அதில் போயிற்று. மரம் இல்லாத சரிவில் பனி தங்கவில்லை. டிசம்பரில் ஞானசுந்தரம் பழைய பலகையைப் போட்டுப் பார்த்தார், ஒரு கிலோ கல்லுக்கே அது அமுங்கியது. நடுப்பள்ளத்தில் மட்டும், அரை மைலுக்கு அப்பால், முன்போல் கெட்டியாகக் கிடந்தது. சாந்தாமேரி அங்கே வந்து நின்றாள். கட்ட மரம் இல்லாததால் படகு சுற்றிக்கொண்டே இருந்தது. கத்தினால் கேட்கவில்லை. ஜெயமேரி குழந்தையைத் தூக்கிக் காட்டினாள். அவ்வளவு தூரத்தில் அது துணிமூட்டையா குழந்தையா என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

ஜனவரி எட்டாம் தேதி ஞானசுந்தரம் மணிக்கூண்டுக்குப் போனார். மறுநாள் ஞாயிறு, குழந்தைக்கு ஞானஸ்நானம். லாசருக்கு அப்போது எழுபது வயது. "எத்தனை அடிக்கட்டுங்க?" என்று கேட்டார்.

"எண்ணாதீங்க லாசரண்ணே. கை வலிக்கற வரைக்கும் வேகமா அடிங்க, அவளுக்குக் கேக்கோணும்" என்றார் ஞானசுந்தரம்.

அந்தக் கோயிலில் கணக்கில்லாமல் மணி அடித்தது அந்த ஒரு தரம்தான். 1994 ஜனவரி ஒன்பதாம் தேதி காலை எட்டே முக்கால் மணி. பேத்தியின் ஞானஸ்நானத்துக்குப் போகாமல் ஞானசுந்தரம் கரையில் நின்றார். மணி பொல பொலவென்று உதிர்ந்தது. படகில் அவள் எழுந்து நிற்பது தெரிந்தது. பிள்ளை பிறந்த வீட்டு மணி எது என்று அவளுக்குத் தெரியும், யார் வீடு என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பாய் ஒரு முறை தளர்ந்து, காற்றைப் பிடித்து, முகப்பு கரைப் பக்கம் திரும்பியது. அவர் முதலில் கையைத் தூக்கினார். அப்புறம் பலகை நினைவுக்கு வந்தது. வேண்டாம், அங்கேயே நில் என்று துண்டை எடுத்து வீசினார். அவள் வந்துகொண்டே இருந்தாள். பழைய மரம் இருந்த இடத்துக்கு வந்ததும் பாயை இறக்கினாள், கரை சேருகிறவர்கள் இறக்குகிற மாதிரி. அவருக்கு அவளுடைய முகம் நன்றாகத் தெரிந்தது. படகு சுடுசோற்றில் வைத்த வெண்ணெய் போலச் சத்தமில்லாமல் அமுங்கியது. அவள் நின்றபடியே போனாள், பயந்ததாகத் தெரியவில்லை. கடைசியாக அவள் தன் தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டதை அவர் பார்த்தார்.

பனி கலைந்ததும் எல்லோரும் இறங்கித் தேடினார்கள். படகு காப்பிச் செடிகளுக்கு நடுவில் நிமிர்ந்து நின்றது. ஒரு பலகைகூட விலகவில்லை, காளியப்பன் தடவிப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாய் நாலாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதன் மேல் 1977இல் வாங்கிய தேன் பாட்டில், தக்கை திறக்காமல் இருந்தது. வேறு ஒன்றும் இல்லை, யாரும் இல்லை. ஞானசுந்தரம் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் சாயங்காலம்தான் எழுந்தார்.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு ஜெயமேரி அடுப்பு மூட்டப் பின்கதவைத் திறந்தாள். வாசல் தெளிவாக இருந்தது, பள்ளத்திலும் பனி இல்லை. கதவோரத்தில் மட்டும் ஒரு ஆள் உயரத்துக்குப் பனி நின்றுகொண்டிருந்தது. அவள் ஒதுங்கியதும் அது உள்ளே வந்து, அடுப்புக்கும் அம்மிக்கும் நடுவில் போய் நின்றது. பத்தரை மணி வரை அங்கே இருந்தது, பிறகு போனது. அடுத்த நாளும் வந்தது. மூன்றாம் நாள் ஜெயமேரி தேன் பாட்டிலைத் திறந்து, ஒரு சொட்டைக் குழந்தையின் நாக்கில் தடவினாள். "அம்மா ஊட்டுக்கு வந்துட்டாங்க, இனிமே குடுக்கலாம்" என்றாள். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை.

அது நவம்பரிலிருந்து பொங்கல் வரை வரும். ஞானசுந்தரம் காலையில் அதனருகில் பலகை போட்டு உட்கார்ந்து காப்பி குடிப்பார். சட்டை ஈரமாகிவிடும், மாற்றிக்கொள்வார். அது எதுவும் பேசி யாரும் கேட்டதில்லை. குழந்தை அழுதால் தொட்டிலைப் பனிக்குள் நகர்த்திவிட்டு ஜெயமேரி வேலையைப் பார்ப்பாள். பாக்கியநாதன் முதல் பஸ் எடுக்கப் போகும்போது, அடுக்களைப் பக்கம் திரும்பி, "வர்றேனுங்க அத்தே" என்று சொல்லிவிட்டுப் போவார்.

1998 டிசம்பரில் ரேஷன் கார்டு சரிபார்க்க அண்ணாதுரை என்ற ஊழியர் காலை எட்டு மணிக்கு வந்தார். வெளியே குளிர் என்பதால் அடுக்களையில் முக்காலி போட்டுக் கொடுத்தார்கள். படிவத்தை முழங்காலில் வைத்துக்கொண்டு, "ஊட்டுல எத்தனை பேருங்க?" என்று கேட்டார்.

ஞானசுந்தரம் விரலை மடக்கி ஒரு தரம் எண்ணினார். திரும்பவும் எண்ணினார்.

"அஞ்சுங்க" என்றார்.

நான்கு பேருக்குப் பேரும் வயதும் எழுதியானது. ஐந்தாவது யார் என்று கேட்க நிமிர்ந்த அண்ணாதுரை, அடுப்படியைப் பார்த்துவிட்டு, நனையாமல் இருக்கத் தன் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"பேரு சொல்லுங்க."

"சாந்தாமேரி."

"வயசு?"

"முப்பத்தி நாலு" என்றார் ஞானசுந்தரம். அண்ணாதுரை எழுதிக்கொண்டார்.